தோட்ட வேலையில் கொசுக்கடியா? காலிலிருந்து தொடங்குங்கள்

சாயங்காலம் கொல்லையில் களை எடுக்க உட்கார்ந்தால், பத்து நிமிடத்தில் ஒரு கை களையிலும் இன்னொரு கை கணுக்காலிலும் இருக்கும். கழுத்துக்கும் கைக்கும் மட்டும் கொசு க்ரீம் பூசிக்கொண்டு நான் ரொம்ப நாள் ஏமாந்தேன். கடிபட்டதெல்லாம் முழங்காலுக்குக் கீழேதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம் கணுக்கால் பக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது.

1. நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஏடிஸ் பகலில் கடிப்பது. விடிந்ததும் முதல் இரண்டு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முன்பும்தான் அதன் தொல்லை அதிகம். நாம் தோட்டத்துக்குள் இறங்குவதும் அப்போதுதானே! இருட்டினால் சாக்கடைப் பக்கம் பெருகும் கியூலெக்ஸ் என்ற வேறு வகைக் கொசு வந்துவிடும். அதனால் களை எடுப்பது, நாற்று நடுவது போல ஒரே இடத்தில் குந்திச் செய்யும் வேலையைக் காலை எட்டரைக்கு மேல் நிழலில் முடித்துவிடுகிறேன். சாயங்காலத்துக்குத் தண்ணீர் விடுவது மட்டும்.

2. முதலில் ஒரு சுற்று

மண்வெட்டியைத் தொடும் முன் தோட்டத்தை ஒரு சுற்று வாருங்கள். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, கொட்டாங்குச்சி, பழைய பெயின்ட் வாளி, மூலையில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி என்று தண்ணீர் தேங்கிய எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள், அல்லது இறைத்துவிடுங்கள். அதோடு விட்டால் பாதி வேலைதான். ஏடிஸ் முட்டை தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழையில் பொரிந்துவிடும். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை தேய்த்தால் போதும்.

3. லுங்கியை இறக்குங்கள்

வேலை என்றாலே லுங்கியை மடித்துக் கட்டுவது நம் வழக்கம். கொசுவுக்கு அது இலை போட்ட மாதிரி. தொளதொள பேன்ட்டும் காலுறையும் போடுங்கள், பேன்ட்டின் நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். லெகிங்ஸ் வேண்டாம், உடம்போடு ஒட்டிய துணிக்கு மேலாகவே குத்திவிடும். கறுப்பும் சிவப்பும் கொசுவை இழுக்கும். வெளிர் நிறம் நல்லது.

4. க்ரீம் பூசும் விதம்

டீட் அல்லது பிக்காரிடின் என்ற கொசுவிரட்டி மருந்து உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதில் போட்டிருக்கும் சதவீதம் கூடினால் அதிக நேரம் தாங்கும் என்று பொருள். சன்ஸ்கிரீன் போடுபவர்கள் அதை முதலில் பூசி, காய்ந்தபின் இதைப் பூச வேண்டும். ஒரு பொட்டு வைத்தால் சுற்றுவட்டாரம் முழுக்கக் காவல் என்று நினைக்காதீர்கள், விட்டுப்போன இடத்தில் சரியாகக் கடிக்கும். வெளியே தெரியும் தோலுக்கு மட்டும் போதும். துணிக்கு உள்ளே, புண்ணின் மேல் வேண்டாம். வியர்த்து வழிந்தால் லேபிளைப் பார்த்து மறுபடி பூசுங்கள். கீரை பறிக்கும் முன் உள்ளங்கையைக் கழுவிவிடுங்கள்.

வேப்பெண்ணெயும் எலுமிச்சைப்புல் எண்ணெயும் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். கொசு விரட்டும் என்று சொல்லும் செல்போன் ஆப்? அழித்துவிடுங்கள்.

5. காற்றைத் துணைக்கு அழையுங்கள்

தொட்டி மாற்றுவது போன்ற வேலையைத் திண்ணையில் செய்தால், ஒரு டேபிள் ஃபேனைக் காலை நோக்கித் திருப்பி வையுங்கள். கொசு பலவீனமாகப் பறப்பது, எதிர்க்காற்றில் திணறும். நம் மூச்சும் வியர்வை வாடையும் கலைந்துபோவதால் அதற்கு வழியும் தெரியாது. வயர் ஈரத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொசுவத்தியோ நொச்சி இலைப் புகையோ போட்டால், காற்று வரும் பக்கம் வையுங்கள். புகை இருக்கும் வரைதான் பலன். கண் எரிச்சல் நமக்கும் உண்டு.

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு க்ரீமைக் கழுவுங்கள். அப்புறம், கடிபட்ட 4 முதல் 10 நாளில் கடும் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் வந்தால் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் எதையும் விழுங்காதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவுக்கு அவை வழிவிடும். நேராக மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.