காரம் குறைந்த சுருட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதன்முதலாகச் சுருட்டு பிடிக்க முனைபவர்களில் பலர், கடையில் கண்ணில் படும் சுருட்டுகளிலேயே தடித்த ஒன்றை வாங்கி, அது பாதி எரிவதற்குள் தலைசுற்றி, குமட்டி, வியர்த்துப்போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்தச் சுருட்டில் குறை ஏதும் இருப்பதில்லை. பழக்கமில்லாத உடல் தாங்கும் அளவைவிட அதன் காரம் கூடுதலாக இருந்திருக்கும். பதினெட்டு வயது நிறைந்து, ஒரு சுருட்டைப் பிடித்துப் பார்ப்பது என்று தாமாகவே முடிவு செய்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். புகைப் பழக்கம் இல்லாதவர்களை அதற்கு அழைப்பது என் நோக்கம் அன்று.

காரம் என்று இங்கே சொல்வது நிகோடினின் வேகத்தை. சுவையின் கனம் என்பது வேறு. காப்பி, கொக்கோ, மிளகு ஆகியவற்றை நினைவூட்டும் அழுத்தமான சுவை கொண்ட சுருட்டில் நிகோடின் மிதமாகவே இருக்கலாம். மெல்லிய சுவையுடைய ஒன்று எதிர்பாராமல் தலையைக் கிறுகிறுக்க வைக்கவும் கூடும். ஆகவே கடைக்காரர் ‘மைல்ட்’, ‘மீடியம்’, ‘ஃபுல்’ என்று தரம் பிரித்துச் சொன்னால், அவர் சொல்வது சுவையையா நிகோடினையா என்று கேட்டுத் தெளிவு பெற வேண்டும். கேட்பதில் கூச்சம் வேண்டாம். தொழில் தெரிந்த கடைக்காரருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

காரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் தேர்வு எளிதாகிவிடும். புகையிலைச் செடியின் அடிப்பகுதி இலைகளுக்கு வொலாடோ என்று பெயர். இவை மெல்லியவை, நன்றாக எரிபவை, காரம் குறைந்தவை. நடுப்பகுதி இலைகள் செகோ. மணம் பெரும்பாலும் இவற்றிலிருந்து வருகிறது. உச்சிப்பகுதியில் வெயிலை நேரடியாக வாங்கித் தடித்து, எண்ணெய்ப் பசையோடு வளரும் லிஹேரோ இலைகளில்தான் நிகோடின் மிகுதி. லிஹேரோ மெதுவாக எரியும் என்பதால், சுருட்டைச் சுற்றுபவர்கள் அதை, சுருட்டின் உள்ளே நிறைக்கும் இலைகளான உள்ளிலைக் கட்டின் நடுவில் வைக்கிறார்கள். சுருட்டைக் கையில் எடுத்துப் பற்றவைக்கும் முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: மடிப்பு மடிப்பாகத் தெரியும் இலை ஓரங்களுக்கு நடுவே தடித்த, கறுத்த மடிப்புகள் மிகுந்திருந்தால் லிஹேரோ கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. இது உறுதியான சோதனை அன்று என்றாலும், பெயரையும் விலையையும் மட்டும் பார்ப்பதைவிட மேலானது.

தொடக்கநிலையில் இருப்பவர்களைப் பெரிதும் ஏமாற்றுவது மேலிலையின், அதாவது சுருட்டின் வெளிப்புறத்தில் சுற்றப்படும் இலையின், நிறம். கருத்த மேலிலை காரமானது, வெளிறிய மேலிலை சாதுவானது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மதூரோ எனப்படும் கரும்பழுப்பு மேலிலை, நீண்ட காலம் நொதிக்க வைப்பதால் அந்த நிறத்தைப் பெறுகிறது. பழம்புளி கறுப்பது நாள்பட்டதால்தானே ஒழியப் புளிப்பு கூடியதால் இல்லை, அதுபோலத்தான் இதுவும். நல்ல மதூரோவில் இனிப்புச் சாயல்கூடத் தெரியும். அதற்காக நிறத்தை முற்றிலும் ஒதுக்கிவிடவும் வேண்டியதில்லை. இளம்பழுப்பு நிறமுடைய ‘கனெக்டிகட் ஷேட்’ மேலிலையைப் பயன்படுத்தும் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் உள்ளிலைகளையும் மென்மையானவையாகவே சேர்க்கிறார்கள் என்பதால், முதல் தேர்வுக்கு அது நம்பகமான அடையாளம். அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1900-ஆம் ஆண்டுவாக்கில் வயல்களின் மேல் துணிப்பந்தல் போட்டு இந்த இலையை வளர்க்கத் தொடங்கினார்கள். நேரடி வெயில் படாததால் இலை மெல்லியதாகவும் வழவழப்பாகவும் இருக்கிறது. இதே வகை ஈக்வடாரிலும் விளைகிறது. அங்கே பந்தலின் வேலையை வானத்து மேகமூட்டமே செய்துவிடுகிறது.

நாட்டை வைத்துத் தேடுவதானால் டொமினிகன் குடியரசிலிருந்து தொடங்குவதே என் பரிந்துரை. மிதமான கலவைகளுக்கு நெடுநாளாகப் பெயர்பெற்ற நாடு அது. மக்கனுடோ கஃபே, ஆஷ்டன் கிளாசிக், ஆர்துரோ ஃபுயன்டே நிறுவனத்தின் ஷாட்டோ ஃபுயன்டே ஆகிய மூன்றும் அங்கே தயாராகி, கனெக்டிகட் மேலிலையோடு வருபவை. மூன்றில் எதை வாங்கினாலும் தொடக்கத்துக்குப் பொருத்தமாகவே இருக்கும். நிகராகுவாவின் எஸ்டெலி வட்டாரத்துப் புகையிலைக்கு மிளகுக் காரம் உண்டு என்பதால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கியூபச் சுருட்டென்றாலே காரம் என்று எண்ணுபவர்கள் உண்டு. உண்மையில் அந்நாட்டுச் சுருட்டு வகைகளில் ஹோயோ தே மோன்தெர்ரே இலகுவானது, பொலிவாரும் பர்தகாஸும் அழுத்தமானவை. நம் உறையூர்ச் சுருட்டும் யாழ்ப்பாணச் சுருட்டும் தனி மரபைச் சேர்ந்தவை. உள்ளூர்ப் புகையிலையின் காரத்தை விரும்பியவர்களே அவற்றைத் தேடிப் பிடித்தார்கள் என்பதால், ஊர்ப்பாசத்தால் அங்கிருந்து தொடங்கிவிட வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை, பெரிய சுருட்டு நெடுநேரம் எரியும், அதனால் உடலில் சேரும் நிகோடினும் கூடும் என்பதை மறக்கக் கூடாது. சுருட்டின் தடிமனை அங்குலத்தின் 64-இல் ஒரு பங்காகக் கணக்கிடுவார்கள். 50 என்று குறித்திருந்தால் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். ரொபஸ்டோ எனப்படும் அளவு பொதுவாக 5 அங்குல நீளமும் 50 தடிமனும் கொண்டது. 42 தடிமனும் 5 அங்குலத்தை ஒட்டிய நீளமும் உடைய பெட்டி கொரோனா அதைவிடச் சிறியது, விரைவில் முடிவது. இவ்விரண்டில் ஒன்றை எடுக்கலாம். லான்செரோ போன்ற மெலிந்த வகைகள் பார்வைக்குச் சாதுவாகத் தெரிந்தாலும், அவசரமாக இழுத்தால் சட்டெனச் சூடேறிக் கசக்கும். உள்ளே முழு நீள இலை வைத்துக் கையால் சுற்றப்பட்டதுதானா என்றும் கேளுங்கள். துண்டு இலை அடைத்த மலிவுச் சுருட்டு சூடாகவும் முரடாகவும் எரிவதால், காரம் குறைந்த கலவையும் அதில் கடுமையாகத் தோன்றும்.

வாங்கும்போது சுருட்டை விரல்களால் மெல்ல அழுத்திப் பாருங்கள். இலேசாக அமுங்கி மீள வேண்டும். சருகுபோல நொறுங்கினாலும், ஓரிடத்தில் மட்டும் கல்போல இறுகியிருந்தாலும் வேறொன்றைக் கேளுங்கள். வாயில் வைக்கும் முனையை மூடியிருக்கும் இலைத்துண்டான தொப்பியை 2 மில்லிமீட்டருக்கு மேல் வெட்டக் கூடாது. தோள்பட்டைபோல வளையும் இடத்துக்குக் கீழே கத்தி இறங்கினால் மேலிலை பிரிந்துவிடும்.

எவ்வளவு மென்மையான சுருட்டும் பிடிக்கும் விதத்தால் கெடும். வெறும் வயிற்றில் ஒருபோதும் பிடிக்காதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு, பக்கத்தில் தண்ணீரும் இனிப்பான பானம் ஏதேனும் ஒன்றும் வைத்துக்கொண்டு உட்காருங்கள். புகையை நுரையீரலுக்குள் இழுக்கக் கூடாது. நிமிடத்துக்கு ஒரு முறை இழுத்து, வாயிலேயே வைத்திருந்து வெளியே விட வேண்டும். அதைவிட வேகமாக இழுத்தால் சூடும் கசப்பும் ஏறும். எரிய எரிய, கடைசி மூன்றில் ஒரு பங்கில் காரம் கூடுவது எல்லாச் சுருட்டுக்கும் இயல்பு. எனவே அந்த இடத்தை எட்டியதும் கீழே வைத்துவிடலாம். காசு கொடுத்து வாங்கியதை வீணாக்கலாமா என்ற எண்ணம்தான் பலரைக் குமட்டல்வரை கொண்டுபோகிறது. தலை கனக்கத் தொடங்கினால் உடனே நிறுத்தி, காற்றோட்டமான இடத்தில் அமர்ந்து இனிப்பான எதையாவது பருகுங்கள்.

காரம் குறைவு என்பதைக் கேடு குறைவு என்று எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சுருட்டுப் புகை வேதியியல் பொருளில் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) கொண்டது என்பதால் உள்ளே இழுக்காவிட்டாலும் நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலக்கிறது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு முழு சிகரெட் பாக்கெட்டில் உள்ள அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களின் அபாயம் மென்மையான கலவையாலும் வருகிறது; பழக்கமும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஆகவே இரண்டு சுருட்டுகளுக்கு இடையே நீண்ட இடைவெளி விடுங்கள். இந்தியாவில் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. வீட்டிலும் குழந்தைகள், கர்ப்பிணிகள் அருகில் பிடிக்கவே கூடாது.

வாங்கியதை உடனே பிடிக்கப்போவதில்லை என்றால் பாதுகாப்பு முக்கியம். 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும், 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் வெப்பமும் ஏற்றவை. சென்னை வெயிலில் அலமாரியில் போட்டுவைத்தால் இலையில் ஒளிந்திருக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரித்து, சுருட்டு முழுவதும் ஊசித்துளைகளாகிவிடும். ஃபிரிட்ஜில் அப்படியே வைத்தால் காய்ந்துபோகும், காய்ந்த சுருட்டோ சூடாகவும் காரமாகவும் எரியும். விலையுயர்ந்த மரப்பெட்டி தேவையில்லை. காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரப்பதத்தை 65 அல்லது 69 விழுக்காட்டில் நிலைநிறுத்தும் சிறு பை ஒன்றைப் போட்டு, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வைத்தால் போதும்.

முதல் சுருட்டு ஒத்துக்கொண்டு, பிறகு எப்போதாவது இன்னொன்றைத் தேடும்போது எல்லாவற்றையும் ஒருசேர மாற்றாதீர்கள். அளவும் மேலிலையும் அதேபோல இருக்க, உள்ளிலையின் நாட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, ஆஷ்டன் கிளாசிக்குக்குப் பிறகு, கனெக்டிகட் மேலிலைக்குள் நிகராகுவா இலையை வைத்திருக்கும் ஒலிவா கனெக்டிகட் ரிசர்வைப் பிடித்தால், கூடிய காரம் எங்கிருந்து வந்தது என்பது நாக்குக்கே தெரியும். அதுவே அதிகம் என்று பட்டால் பழையதற்குத் திரும்பிவிடுங்கள்.