ஒரு அமுக்குக்கு ஒரே கவுண்ட்: புஷ்பட்டன் டிபவுன்ஸ் சர்க்யூட் செய்யலாம் வாங்க

பட்டன ஒரு வாட்டிதான் அமுக்குறோம், கவுண்டர் மூணு நாலுன்னு தாவுது. கோட்ல தப்பு இல்லங்க. பட்டனுக்குள்ள இருக்குற தகடு, தரையில விழுந்த கோலிக்குண்டு மாதிரி சில மில்லிசெகண்டுக்கு ஒட்டி ஒட்டிப் பிரியுது, நம்ம கண்ணுக்குத் தெரியாது ஆனா சிப்புக்கு ஒவ்வொரு துள்ளலும் ஒரு அமுக்கு. இந்தத் துள்ளல வடிகட்டுறதுதான் டிபவுன்ஸ். சாஃப்ட்வேர்லயும் சரி பண்ணலாம், இங்க சர்க்யூட்லயே முடிச்சிடுவோம்.

4 கால் புஷ்பட்டன், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் 2 (பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு), 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 74ஹெச்சி14 ஐசி (உள்ள வர்ற 0, 1ஐ தலைகீழாக்கி வெளிய விடுற சிப்பு), ப்ரெட்போர்டு. சிங்கப்பூர் ஜாலான் புசார்ல சிம் லிம் டவர்ல எல்லாம் சில்லறையாவே கிடைக்கும், ரெசிஸ்டருக்கெல்லாம் வெள்ளிக்கணக்கு இல்ல, காசுக்கணக்குதான். பக்கத்துல சிம் லிம் ஸ்கொயர்ல போய் தேடாதீங்க, அது கம்ப்யூட்டர் ஏரியா.

மொதல்ல பட்டன். 4 கால்ல ரெண்டு ரெண்டு உள்ளுக்குள்ளயே சேர்ந்திருக்கும், அதனால குறுக்கால இருக்குற எதிரெதிர் மூலக் கால எடுத்துக்கங்க, குழப்பமே வராது. ஒரு கால் கிரவுண்டுக்கு. இன்னொரு கால்லேர்ந்து ஒரு 10 கிலோ ஓம் 5 வோல்ட்டுக்கு.

அதே கால்லேர்ந்து ரெண்டாவது 10 கிலோ ஓம் ஐசியோட 1ஆம் காலுக்கு, அந்த 1ஆம் கால்லேர்ந்து கெபாசிட்டர் கிரவுண்டுக்கு. எலக்ட்ரோலிட்டிக்னா கோடு போட்ட பக்கம் கிரவுண்டு. இந்த ரெண்டாவது ரெசிஸ்டர் எதுக்குன்னு சிலர் விட்டுடுவாங்க, விடாதீங்க, அது இல்லன்னா அமுக்குற ஒவ்வொரு தடவையும் சார்ஜ் ஆன கெபாசிட்டர் நேரா பட்டன் வழியா ஷார்ட் ஆகி தகடு சீக்கிரம் தேஞ்சிடும்.

10 கிலோ ஓம் பெருக்கல் 1 மைக்ரோஃபாரட், 10 மில்லிசெகண்ட். விடும்போது ரெண்டு ரெசிஸ்டர் வழியா சார்ஜ் ஆகுறதால 20. சாதா பட்டனுக்கு இது தாராளம்.

கெபாசிட்டர் மட்டும் போதாதான்னா, அது வோல்டேஜ மெதுவா ஏத்தி இறக்கும், நடுவுல நிக்கிற நேரத்துல சாதா லாஜிக் கேட் 0வா 1ஆன்னு தடுமாறும். 74ஹெச்சி14ல ஷ்மிட் ட்ரிகர் இருக்கு, மாறுறதுக்கு மேல ஒரு எல்லை, கீழ ஒரு எல்லை, நடுவுல என்ன ஆடினாலும் கண்டுக்காது. ஆர்டுயினோ ஊனோங்கிற மைக்ரோகண்ட்ரோலர் போர்டோட பின்லயே இது இருக்கு, அதுக்கு மட்டும்னா ஐசி இல்லாமலே ஓட்டலாம்.

ஐசிக்கு 14ஆம் கால் 5 வோல்ட், 7 கிரவுண்டு. சும்மா இருக்குற இன்புட் 3, 5, 9, 11, 13 எல்லாத்தையும் கிரவுண்டுல கட்டிடுங்க.

2ஆம் கால்தான் அவுட்புட், அமுக்கினா 5 வோல்ட், விட்டா 0. தலைகீழா வேணும்னா 3ஐ கிரவுண்டுலேர்ந்து கழட்டி 2ஓட சேத்து, 4லேர்ந்து எடுத்துக்கங்க.