ஆர்.வி.யில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி: தெற்கு வானத்தைப் பார்த்து வாங்குங்கள்

ஆர்.வி. எனப்படும் வீட்டுவண்டியில் மாதக்கணக்கில் அமெரிக்காவைச் சுற்றிக் குடித்தனம் நடத்துபவர்கள் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வாங்கும்போது பெரும்பாலும் விலைப்பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். வண்டியை எங்கே நிறுத்தப்போகிறோம், அங்கே தெற்கு வானம் திறந்திருக்குமா என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் பாதிச் செலவும் முக்கால்வாசி எரிச்சலும் மிச்சமாகும். ஒளிபரப்புச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் சுழற்சியோடு சேர்ந்து நகர்வதால், நம் கண்ணுக்கு அவை ஒரே இடத்தில் நிற்கின்றன. அமெரிக்கப் பெருநிலத்தில் எங்கு நின்றாலும் டிஷ் தென்திசைப் பக்கமாகத்தான் பார்க்க வேண்டும். வடக்கே போகப்போகச் செயற்கைக்கோள் அடிவானத்தை நோக்கித் தாழும், தாழத் தாழ மரங்கள் குறுக்கே வரும்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். அரிசோனாவின் குவார்ட்ஸைட்டில் நின்றால் மேற்குத் தீர்க்கரேகை 119 பாகைக்கு நேரேயுள்ள செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து சுமார் 50 பாகை உயரத்தில் இருக்கும். 60 அடி மரம் ஒன்று தெற்கே நின்றாலும், தரையில் வைத்த டிஷ் அதிலிருந்து 50 அடி தள்ளியிருந்தால் போதும். சியாட்டில் பக்கம் போனால் அதே செயற்கைக்கோள் 35 பாகைக்கு இறங்கிவிடுவதால், அதே மரத்துக்கு 85 அடி இடைவெளி வேண்டும். அந்தப் பக்கத்து முகாம்களில் மரங்கள் 60 அடியோடு நிற்பதுமில்லை. கோடையில் நாம் வண்டிக்கு நிழல் தேடுவோம், டிஷ்ஷுக்கோ வெட்டவெளி வேண்டும். இந்தக் காரணத்தாலேயே, கூரையில் நிரந்தரமாகப் பொருத்தும் அலைவாங்கியைவிடக் கேபிளோடு தூக்கிக்கொண்டு போய் வெயிலில் வைக்கக்கூடியதையே நான் பரிந்துரைப்பேன். தினமும் இடம் மாற்றுபவர்கள், மழையில் இறங்கி வேலை செய்ய விரும்பாதவர்கள் ஆகியோருக்கு மட்டும் கூரை அலைவாங்கி பொருந்தும்.

நிறுவனங்கள் இரண்டுதான்: டிஷ் நெட்வொர்க், டைரெக்டிவி. டைரெக்டிவியின் எச்டி ஒளிபரப்பு கேஏ (Ka) என்னும் உயர் அலைவரிசையில் 99, 103 பாகைச் செயற்கைக்கோள்களிலிருந்து வருகிறது. குவிமாடம் போன்ற மூடிக்குள் அடங்கிய சிறிய டோம் வகை அலைவாங்கிகள் அந்த அலைவரிசைக்கு ஏற்றவையல்ல என்பதால், டைரெக்டிவி எச்டி வேண்டுமென்றால் பெரிய டிஷ்ஷை முக்காலியிலோ கூரையிலோ வைத்தாக வேண்டும். டிஷ் நெட்வொர்க்கின் எச்டி அதைவிடத் தாழ்ந்த கேயூ (Ku) அலைவரிசையிலேயே வருவதால் கைப்பெட்டி அளவிலான டோமிலும் கிடைக்கிறது. அதோடு, வேண்டிய மாதம் மட்டும் பணம் கட்டி மற்ற மாதங்களில் நிறுத்திவைக்கும் திட்டத்தை அது ஆர்.வி.க்காரர்களுக்கென்றே வைத்திருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே டைரெக்டிவி சந்தா இருந்தாலொழிய, புதிதாகத் தொடங்குபவர் டிஷ் நெட்வொர்க் பக்கம் போவதே எளிது என்பது என் எண்ணம்.

அடுத்து, தானாகத் தேடும் டோமா, கையால் திருப்பும் முக்காலி டிஷ்ஷா என்ற கேள்வி வரும். வைன்கார்டு பிளேமேக்கர், கிங் டெயில்கேட்டர் போன்ற டோம்களுக்குள் மோட்டார் பொருத்திய சிறு டிஷ் ஒன்று இருக்கும். தரையில் வைத்து, கேபிளை ரிசீவரோடு இணைத்தால், அந்தக் கேபிள் வழியாகவே மின்சாரம் பெற்றுத் தானே சுழன்று செயற்கைக்கோளைக் கண்டுபிடிக்கும். ஆனால் பெரும்பாலான டோம்கள் ஒரு நேரத்தில் ஒரு செயற்கைக்கோளை மட்டுமே பார்க்கும் என்பதைக் கடைக்காரர் பெரும்பாலும் சொல்வதில்லை. டிஷ் நெட்வொர்க்கின் மேற்கு வரிசை 110, 119, 129 பாகைகளில் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் சேனல் 119இல் இருக்க, படுக்கையறைத் தொலைக்காட்சியில் மற்றொருவர் 129இல் உள்ளதைக் கேட்டால் இருவரில் ஒருவர் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு அறைகளில் வெவ்வேறு சேனல் பார்ப்பதும், ஒன்றைப் பார்த்துக்கொண்டே மற்றொன்றைப் பதிவுசெய்வதும் முக்கியமென்றால், மூன்று செயற்கைக்கோள்களையும் சேர்த்தே பார்க்கும் டிஷ் 1000.2 வகையை முக்காலியில் வைப்பதே வழி. அது பருமனானது, காற்றுக்கு அஞ்சுவது, அமைக்க அரைமணி நேரம் எடுப்பது. ஆனால் விலை டோமைவிட மிகக் குறைவு, ஒருமுறை சரியாகப் பிடித்துவிட்டால் மழையையும் டோமைவிட நன்றாகத் தாங்கும். ஒரு தொலைக்காட்சி மட்டும் உள்ள வண்டிக்கு டோமும் வாலி என்னும் சிறிய ரிசீவரும் போதும்.

டோமை அமைப்பதில் பெரிய வித்தை எதுவுமில்லை. சமதரையில் வையுங்கள், வண்டியின் நிழலில் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ரிசீவரின் அமைப்புப் பகுதியில் அலைவாங்கியின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்று திரை கேட்டால் சொல்லுங்கள், பிறகு தேடி முடிக்கும்வரை தொடாதீர்கள். பொறுமையிழந்து பாதியில் மின்சாரத்தை நிறுத்துபவர்கள் தேடலை முதலிலிருந்து தொடங்கவைக்கிறார்கள்.

முக்காலிக்குத்தான் விளக்கம் தேவை. குவார்ட்ஸைட்டை ஒட்டிய லா போசா பாலைநிலத்தில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்டகாலம் தங்க அனுமதி பெற்ற வண்டிகள் குளிர்காலம் முழுதும் நிற்கும். பழகுவதற்கு அதைவிடத் திறந்த வானம் கிடைக்காது. முதலில் முக்காலியின் நடுக்குழாய் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். நீர்மட்டத்தைக் குழாயின் இரு பக்கங்களில் வைத்துச் சரிபாருங்கள். இங்கே ஒரு பாகை சாய்ந்தால், பின்னால் நீங்கள் வைக்கும் எல்லா அளவும் பொய்யாகிவிடும். பிறகு ரிசீவரில் அந்த இடத்து அஞ்சல் குறியீட்டைக் கொடுத்து உயரம், சாய்வு, திசை ஆகிய மூன்று எண்களையும் பெற்று, முதலிரண்டையும் டிஷ்ஷின் பின்புறமுள்ள அளவுகோல்களில் வைத்துத் திருகாணியை இறுக்கிவிடுங்கள். மிச்சமிருப்பது திசை ஒன்றுதான். குவார்ட்ஸைட்டிலிருந்து 119 பாகைச் செயற்கைக்கோள் உண்மைத் திசையில் ஏறத்தாழ 188.6 பாகையில் இருக்கிறது. அங்கே காந்த ஊசி சுமார் 10 பாகை கிழக்கே விலகி நிற்பதால், திசைகாட்டியில் அது 178ஐ ஒட்டி, அதாவது நேர் தெற்காகத் தெரியும். கையிலிருக்கும் எண் உண்மை வடக்கைச் சார்ந்ததா, காந்த வடக்கைச் சார்ந்ததா என்று பார்க்காமல் திருப்பியவர்கள் ஒரு மாலைப்பொழுதை அப்படியே தொலைத்திருக்கிறார்கள். வண்டியின் இரும்பருகே நின்று திசைகாட்டியைப் பார்ப்பதும் அதே விளைவைத் தரும். பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.

கண்ணை ஏமாற்றும் மற்றொன்று டிஷ்ஷின் முகம். இந்த வகை டிஷ்களில் அலைகள் நடுவில் குவியாமல் கீழ்ப்புறக் கையில் இருக்கும் எல்என்பி என்னும் அலை வாங்கும் முனையில் குவிவதால், டிஷ் உண்மையில் பார்க்கும் உயரத்தைவிட 20 பாகைக்கும் மேல் தாழ்ந்து பார்ப்பதுபோலத் தோன்றும். மரம் மறைக்கிறதா என்று டிஷ்ஷின் முகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கையை நீட்டி விரல்களை மடக்கி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. அடிவானத்திலிருந்து ஐந்து முஷ்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக எண்ணி ஏறினால், 50 பாகை எங்கிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

திரையில் சிக்னல் பட்டையைத் திறந்துவைத்து, ஒருவர் உள்ளேயிருந்து குரல் கொடுக்க, வெளியே நிற்பவர் டிஷ்ஷை விரல் அகலத்துக்கு மட்டும் நகர்த்தி ஐந்தாறு விநாடி காத்திருக்க வேண்டும். பட்டை உடனே அசையாது, அதுதான் பலரையும் தவறவிடச் செய்கிறது. சிக்னல் ஏறினாலும், அது எந்தச் செயற்கைக்கோள் என்று ரிசீவர் காட்டும் எண்ணைப் பார்த்துவிட்டே இறுக்குங்கள். பக்கத்துச் செயற்கைக்கோளைப் பிடித்துவிட்டு வெற்றிக் கூச்சல் போடுவது எல்லோருக்கும் ஒருமுறையாவது நடக்கிறது. பிறகு, எந்தெந்தச் செயற்கைக்கோள்கள் கிடைக்கின்றன என்று ரிசீவரே பார்க்கும் செக் ஸ்விட்ச் சோதனையை ஓடவிட்டு, முக்காலியின் கால்களுக்கு நடுவே ஒரு மணல்மூட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

கேபிள் விஷயத்தில் என் சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும். முதல் பயணத்தில் டோம் சுழன்று சுழன்று ஓய்ந்ததே தவிரப் படம் வரவில்லை. அலைவாங்கி பழுது என்று முடிவுகட்டி, அதைப் பெட்டியில் போட்டு மூடியும்விட்டேன். வண்டியின் பக்கவாட்டுச் சிறு கதவுக்குள் இரண்டு இணைப்பிகள் அருகருகே இருக்கும். ஒன்று முகாம் தரும் கேபிள் டிவிக்கானது, மற்றொன்று செயற்கைக்கோளுக்கானது. நான் முதலாவதில் இணைத்திருந்தேன். அந்தக் கம்பி, உள்ளே கூரை ஆன்டெனாவுக்கான பூஸ்டர் தகட்டின் வழியாகப் போவதால், ரிசீவரிலிருந்து டோமுக்குப் போக வேண்டிய மின்சாரம் அங்கேயே தடைபட்டுவிட்டது. சந்தேகம் வந்தால் சுவரை முழுதும் தவிர்த்து, ஜன்னல் வழியாக ஒரு கேபிளை நேரே ரிசீவருக்கு இழுத்துச் சோதியுங்கள். ஆர்ஜி-6 கேபிளே வேண்டும், பழைய வண்டிகளின் சுவருக்குள் மெலிந்த ஆர்ஜி-59 இருக்கக்கூடும்; 50 அடிக்கு மேல் நீட்டாதீர்கள், இடையில் கேபிளை இரண்டாகப் பிரிக்கும் சாதாரண ஸ்ப்ளிட்டர் எதையும் சேர்க்காதீர்கள்.

மின் இணைப்பில்லாத இடத்தில் பேட்டரியைக் கணக்கிட வேண்டும். தொலைக்காட்சிக்கும் ரிசீவருக்கும் டோமுக்கும் சேர்த்து 50 வாட் என்று வைத்தால், நான்கு மணி நேரத்துக்கு 200 வாட்மணி. 100 ஆம்பியர்மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியை மட்டுமே எடுப்பது நல்லது என்பதால், கைக்கு வருவது சுமார் 600 வாட்மணி. இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்குக்குமேல் தொலைக்காட்சிக்கே போய்விடும். ஹீட்டரின் மின்விசிறி ஓடும் இரவில் அது சிறிய பங்கல்ல.

மாநிலம் மாறும்போது இரண்டு விஷயங்கள் மாறும். உள்ளூர்ச் சேனல்கள் குறுகிய வட்டத்துக்கு மட்டும் வீசப்படுபவை. ஊர் தாண்டியதும் அவை மறையும், சந்தாவில் தங்குமிட முகவரியை மாற்றினால்தான் புதிய ஊருடையவை வரும். உள்ளூர்ச் செய்தி மட்டும் போதுமென்றால் கூரை ஆன்டெனாவே அதை இலவசமாகப் பிடித்துத்தரும். அடுத்தது, கிழக்குக் கோடிக்குப் போனால் மேற்கு வரிசை பயன்படாது. மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரிலிருந்து பார்த்தால் 129 பாகைச் செயற்கைக்கோள் 12 பாகை உயரத்தில் மரக்கிளைகளுக்குள் கிடக்கும். கிழக்கு வரிசையின் 61.5 பாகைச் செயற்கைக்கோளோ 38 பாகையில் தெளிவாக நிற்கும். உங்கள் டோம் இரு வரிசைகளையும் தேடுமா என்று வாங்குமுன் கேளுங்கள். முக்காலி டிஷ்ஷுக்கு எல்என்பியையே மாற்ற வேண்டியிருக்கும்.

தமிழ்ச் சேனல்களுக்காகவே வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தத் தொகுப்பு எந்தச் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது என்று சந்தா பேசும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டோம் தேடும் செயற்கைக்கோள்களில் அது இல்லையென்றால் பணம் கட்டியும் படம் வராது. ஸ்டார்லிங்க் போன்ற இணைய வசதியை எப்படியும் வண்டியில் வைத்திருப்பவர்கள், தமிழுக்காக மட்டும் இரண்டாவது டிஷ் ஒன்றைச் சுமப்பதில் அர்த்தமில்லை.

பனித்துளி படிந்தால் டோமை மென்துணியால் துடையுங்கள். மேலே வெண்பனி சேர்ந்தால் சிக்னல் தானே போய்விடும். சரியாகப் பிடித்த அளவுகளை ஊர்ப்பெயரோடு ஒரு ஒட்டுத்தாளில் எழுதி டிஷ்ஷின் முதுகிலேயே ஒட்டிவைத்தால், அடுத்த ஆண்டு அதே இடத்தில் பத்து நிமிடத்தில் வேலை முடியும். புறப்படும் காலையில் கேபிளைக் கழற்றி ஓட்டுநர் இருக்கையின் மேல் சுருட்டி வையுங்கள். டோமை முகாமிலேயே மறந்துவிட்டு நூறு மைல் போனவர்களில் நானும் ஒருவன்.