தமிழ் உரையில் ஒரு சொல்லை மட்டும் ரெஜெக்ஸால் பிடிப்பது

ரெஜெக்ஸ் என்பது தேட வேண்டிய எழுத்துகளின் அமைப்பைக் குறிகளால் எழுதித் தேடும் முறை. கோப்பில் 'கல்' என்று தேடினால் கல்வி, கல்லூரி, பகல், நகல் எல்லாம் வந்து விழும். இதற்குப் பாடப்புத்தக மருந்து, சொல்லின் இருபுறமும் பின்சாய்கோட்டோடு சின்ன 'பி' (\b) போடுவது. 'இங்கே சொல்லெல்லை' என்று அதற்குப் பொருள். பைத்தான் நிரல்மொழியின் 'ரீ' (re) என்ற ரெஜெக்ஸ் தொகுதியில் அது தமிழுக்குத் தலைகீழாக வேலை செய்யும்: 'கல்வி'யில் பிடிக்கும், தனியே நிற்கும் 'கல்'லை விட்டுவிடும்.

காரணம் புள்ளி. யூனிகோடில் 'ல்' என்பது ல, புள்ளி என இரண்டு குறிகள். புள்ளி, கால், கொம்பு எதையும் பைத்தான் சொல்லெழுத்தாக எண்ணாது. சொல்லெழுத்தும் மற்றதும் சந்திக்கும் இடமே அதற்குச் சொல்லெல்லை. அதனால் புள்ளியை அடுத்து 'வ' வந்தால் அங்கே சொல்லெல்லை. இடைவெளி வந்தால் எல்லையே இல்லை. எல்லையை நாமே எழுதிவிட வேண்டியதுதான்:

(?<![ஃ-௺])கல்(?![ஃ-௺])

முன்னும் பின்னும் தமிழ்க் குறி எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது என்று பொருள். ௺ தட்டச்சில் எளிதில் சிக்காது, இங்கிருந்தே நகலெடுங்கள். பைத்தானிலும் விஎஸ் கோடு என்ற நிரல் எழுதியிலும் இது ஓடும். கிரெப் என்ற லினக்ஸ் தேடல் கட்டளை என்றால் பெரிய 'பி' (-P) விருப்பம் வேண்டும். மைக்ரோசாஃப்ட் வேர்டின் வைல்டுகார்டு வேறு சாதி. அங்கே முயல வேண்டாம்.

அடுத்த தொல்லை சந்தி. 'வீட்டை' தேடினால் 'வீட்டைப் பார்த்தான்' தப்பிவிடும். சந்தியில் மிகும் மெய்யெழுத்தையும் சேருங்கள்:

(?<![ஃ-௺])வீட்டை(க்|ச்|த்|ப்)?(?![ஃ-௺])

இங்கே சதுர அடைப்புக்குள் [க்ச்த்ப்] என்று எழுதினால் கெட்டது. அது க, ச, த, ப, புள்ளி ஆகியவற்றில் ஏதேனும் ஒரு குறியை மட்டுமே பிடிக்கும். 'ப்' இரண்டு குறி. இதே கணக்கால்தான் 'ப.ம்' என்பது படம், பணத்தோடு பாம்பையும் பிடிக்கிறது: ரெஜெக்ஸில் நடுவே உள்ள '.' ஏதேனும் ஒரு குறியைப் பிடிக்கும், அதற்குக் காலும் ஒரு குறி.

வேற்றுமை உருபுகளோடு வேண்டுமென்றால்:

(?<![ஃ-௺])மர(ம|த்த|ங்க)[ஃ-௺]*

மரம், மரத்தில், மரங்களை வரும். மரபு, மரணம் வராது. 'மரத்துப்போன கை' மட்டும் உள்ளே நுழையும், அதைக் கண்ணால்தான் களைய வேண்டும்.

கண்ணெதிரே இருக்கும் சொல்லே சிக்கவில்லையா? 'கொ' ஒரே துணைக்குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் இருக்கலாம். தேடுமுன் உரையையும் தேடுசொல்லையும் என்எஃப்சி (NFC) என்ற, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவுக்கு மாற்றினால் இது தீரும். ஆனால் 'கௌரவம்' என்பதைக் கொம்பும் ளகரமுமாக 'கெளரவம்' என்று அடித்திருந்தால் என்எஃப்சி தொடாது. (கௌ|கெள)ரவ என்று இரண்டையும் கொடுங்கள்.