நீச்சல்குள ஹீட் பம்ப்பில் ஃபியூஸ் அடிக்கடி போகிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

ஃபியூஸ் ஒருமுறை போனால் அதே அளவில் புதியது போட்டுப் பார்க்கலாம். அதுவும் போய்விட்டால் மூன்றாவதைப் போடாதீர்கள். எங்கோ ஷார்ட் இருக்கிறது, அல்லது கம்ப்ரசர் சுழல முடியாமல் திணறுகிறது, அல்லது ஏதோ ஒரு இணைப்பு தளர்ந்து சூடேறுகிறது. காரணம் தெரியாமல் ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் பழுது பெரிதாகும். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிப்பது அதைவிட ஆபத்து. ஃபியூஸ் எரிய வேண்டிய இடத்தில் வயரும் மோட்டாரின் வைண்டிங்கும் (செம்புக் கம்பிச் சுற்று) எரியும். இயந்திரத்தின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் அதிகபட்ச ஃபியூஸ் அளவைத் தாண்டவே கூடாது.

திறப்பதற்கு முன்: ஐசொலேட்டரை (இயந்திரத்துக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆஃப் செய்து, மின்சாரம் இல்லை என்பதை மீட்டர் வைத்து உறுதி செய்யுங்கள். கெபாசிட்டரை (ஆஃப் செய்த பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) 20,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்யுங்கள். இன்வெர்ட்டர் வகை (கம்ப்ரசரின் வேகத்தை போர்டு மாற்றும் வகை) என்றால் லேபிளில் சொன்ன நேரம் வரை காத்திருங்கள். ஆஃப் செய்த பிறகும் அதன் போர்டில் ஆளைக் கொல்லும் அளவு வோல்டேஜ் சில நிமிடங்கள் நிற்கும். மின்வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் மூடியைத் திறக்காமல், ஃபியூஸ் எப்போது போகிறது என்பதை மட்டும் குறித்துவைத்து மெக்கானிக்கிடம் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எந்த ஃபியூஸ், எப்போது?

பல மாடல்களில் இரண்டு இடங்களில் ஃபியூஸ் இருக்கும். கண்ட்ரோல் போர்டில் 3 அல்லது 5 ஆம்பியர் சின்ன ஃபியூஸ். அது 24 வோல்ட் சுற்றைக் காக்கிறது. ஐசொலேட்டர் பெட்டியில் இருப்பது மெயின் ஃபியூஸ். இரண்டுக்கும் காரணங்கள் வேறு வேறு.

சின்ன ஃபியூஸ் போனால் கம்ப்ரசரைச் சந்தேகிக்க வேண்டாம். பெரும்பாலும் வயர்தான்: செம்புக் குழாயிலோ தகட்டின் விளிம்பிலோ உரசி இன்சுலேஷன் கிழிந்திருக்கும், அல்லது எலி கடித்திருக்கும். ஃப்ளோ சுவிட்ச் (நீர் ஓடுகிறதா என்று பார்ப்பது), பிரஷர் சுவிட்ச் (வாயுவின் அழுத்தத்தைப் பார்ப்பது) வயர்களைக் கடைசிவரை கையால் தடவிப் பாருங்கள். அடுத்து கான்டாக்டர் (கம்ப்ரசருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்ச்) காயில். 24 வோல்ட் காயில் சாதாரணமாகச் சுமார் 10 முதல் 20 ஓம் காட்டும். ஒன்றிரண்டு ஓம் என்றால் உள்ளே ஷார்ட். சூடாக்கும்போது மட்டுமோ குளிர்விக்கும்போது மட்டுமோ ஃபியூஸ் போனால் ரிவர்சிங் வால்வின் (வாயு ஓடும் திசையை மாற்றும் வால்வு) சோலனாய்டு காயிலைப் பாருங்கள், ஏனென்றால் அதற்கு ஒரு மோடில்தான் மின்சாரம் போகும். எல்லா வயரையும் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டிச் சோதிக்கும்போது ஃபியூஸை வீணாக்காமல் அந்த இடத்தில் 3 ஆம்பியர் ரீசெட் பிரேக்கரை வையுங்கள்.

மெயின் ஃபியூஸ்

ஐசொலேட்டரை ஆன் செய்த உடனே, கான்டாக்டர் இழுப்பதற்கு (மின்சாரத்தை இணைப்பதற்கு) முன்பே போனால், பழுது கான்டாக்டருக்கு முன்னால் இருக்கிறது: டெர்மினல் பிளாக், வரும் வயர், டிரான்ஸ்பார்மர். நேரடி சப்ளையில் ஓடும் கிராங்க்கேஸ் ஹீட்டர் (கம்ப்ரசர் ஆயிலைச் சூடாக வைப்பது) இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

கான்டாக்டர் இழுத்த அதே நொடியில் போனால் கம்ப்ரசரோ ஃபேன் மோட்டாரோ எர்த் ஆகியிருக்கலாம் (வைண்டிங்கின் மின்சாரம் உலோக உடலுக்குக் கசிகிறது). கம்ப்ரசர் வயர்களைக் கழற்றி முனைகளை இன்சுலேட் செய்து இயக்கிப் பாருங்கள். ஃபியூஸ் போகாமல் நின்றால் கம்ப்ரசர் பக்கம்தான் பழுது. மின்சாரத்தை மறுபடி ஆஃப் செய்துவிட்டு வைண்டிங்கை அளங்கள். சிங்கிள் பேஸில் மூன்று முனைகள்: சி (காமன்), ஆர் (ரன்), எஸ் (ஸ்டார்ட்). உதாரணமாக சி-ஆர் 0.8 ஓம், சி-எஸ் 2.2 ஓம் என்றால் ஆர்-எஸ் 3.0 வர வேண்டும். கூட்டுத்தொகை பொருந்தாவிட்டால் வைண்டிங் கெட்டுவிட்டது. மூன்று பேஸில் மூன்று அளவுகளும் சமமாக இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு முனைக்கும் செம்புக் குழாய்க்கும் இடையே 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வையுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே என்றால் சந்தேகம்; சாதாரண மல்டிமீட்டரே ஓம் காட்டினால் எர்த் உறுதி. இன்வெர்ட்டர் போர்டு இணைந்திருக்கும்போது மெகர் வைத்தால் போர்டு போய்விடும்.

எர்த் ஆன கம்ப்ரசருக்குத் திரும்பத் திரும்ப மின்சாரம் கொடுக்காதீர்கள், டெர்மினல் மூடி இல்லாமல் ஒருபோதும் ஆன் செய்யாதீர்கள். முனை பிய்த்துக்கொண்டு வாயுவும் ஆயிலும் பீறிட்டுத் தீப்பிடித்த விபத்துகள் உண்டு. புது கம்ப்ரசர் போடுவதற்கு முன் டைட்டானியம் எக்ஸ்சேஞ்சரில் (வாயுவின் சூட்டைக் குளத்து நீருக்கு மாற்றும் பாகம்) கசிவு இருக்கிறதா என்றும் சோதியுங்கள். குளத்து நீர் வாயுச் சுற்றுக்குள் புகுந்திருந்தால் புதியதும் அதே வழியில் போகும். குளோரினேட்டர் எப்போதும் ஹீட் பம்ப்புக்குப் பிறகுதான் இருக்க வேண்டும், நடுவில் செக் வால்வோடு (நீரைத் திரும்பி வரவிடாத வால்வு).

கான்டாக்டர் இழுத்து, ஒன்றிரண்டு நொடி உறுமிவிட்டுப் போனால் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகவில்லை. அப்போது இழுக்கும் கரண்ட் ஓடும் கரண்ட்டைவிட ஐந்து ஆறு மடங்கு. முதலில் ரன் கெபாசிட்டரை அளங்கள். அச்சிட்ட மதிப்பிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மாற்றுங்கள். இது மலிவான பாகம், பெரும்பாலும் இதுவே குற்றவாளி. அடுத்து ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் வோல்டேஜ் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். நீண்ட, மெல்லிய கேபிளில் நிறைய விழும். கான்டாக்டர் படபடவென்று அடித்தாலும் இதே கதி: ஒவ்வொரு அடியும் ஒரு புது ஸ்டார்ட். பெரும்பாலும் ஃப்ளோ சுவிட்ச் வயர் தளர்ந்திருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் ஃபியூஸ் போனால் அதன் வகையைப் படியுங்கள். மோட்டாருக்கு டைம் டிலே ஃபியூஸ் வேண்டும். வேகமாக உருகும் வகை நல்ல இயந்திரத்திலும் போகும்.

பத்து இருபது நிமிடம் ஓடிய பிறகு போவதுதான் அதிகம் ஏமாற்றும் வகை. முதலில் ஃபியூஸ் பிடிப்பான்களைப் பாருங்கள். கிளிப் தளர்ந்து, நிறம் மாறி, ஒரு முனை மட்டும் கருகியிருந்தால் அதிகக் கரண்ட் இல்லாமலேயே அந்தச் சூட்டில் ஃபியூஸ் உருகும். பிடிப்பானையே மாற்ற வேண்டும். அங்கே குறை இல்லையென்றால் நீரோட்டம். சூடாக்கும்போது வெப்பத்தை வாங்கிக்கொள்வது குளத்து நீர். நீர் குறைந்தால் பிரஷரும் கரண்ட்டும் ஏறும். ஃபில்டரைச் சுத்தம் செய்து, பைபாஸ் வால்வு சரியான நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஹை பிரஷர் சுவிட்ச் முன்னதாகவே நிறுத்தியிருக்க வேண்டும்; நிறுத்தவில்லை என்றால் யாராவது அதை வயர் போட்டு ஜம்பர் செய்து, வேலை செய்யாதபடி ஆக்கியிருக்கிறார்களா என்று தேடுங்கள்.

மழையில் மட்டும் போனால் கேபிள் கிளாண்டு (கேபிள் நுழையும் இடத்தின் அடைப்பு), ஃபேன் மோட்டார், கன்டியூட் (வயர் போகும் குழாய்) வழியாகப் பெட்டிக்குள் இறங்கும் நீர் என்ற வரிசையில் பாருங்கள்.

பழுது நீங்கிய பிறகு கிளாம்ப் மீட்டரில் ஸ்டார்ட் ஆகும்போது ஒருமுறையும், அரை மணி நேரம் ஓடிய பிறகு ஒருமுறையும் கரண்ட்டை அளங்கள். இரண்டாவது அளவு பெயர்ப்பலகையில் உள்ள ஓடும் கரண்ட்டைத் தாண்டினால் வேலை இன்னும் முடியவில்லை.