டிரெய்லர் மாட்டினால் மைலேஜ் எங்கே போகிறது? சேலம்–ஏற்காடு வண்டிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரெய்லர் மாட்டியதும் மைலேஜ் 14-லிருந்து 10-க்கு இறங்கிவிட்டால், பாரம்தான் காரணம் என்று இரண்டு மூட்டையைக் குறைத்துப் பார்ப்போம். மைலேஜ் ஏறாது. டீசல் போகிற இடம் வேறாக இருக்கும். சேலத்தில் இந்தக் குழப்பம் அதிகம், ஏனென்றால் ஒரே வண்டி காலையில் ஏற்காடு ஏறும். மாலையில் ஓமலூர் தாண்டி நான்குவழிச் சாலையில் ஓடும். இந்த இரண்டு சாலையிலும் டிரெய்லர் டீசலைக் குடிக்கும் விதமே வேறு. ஒன்றுக்கான வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்வதுதான் முதல் தவறு.

மலை ஏறும்போது

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 30 கி.மீ. சாலை, 1,200 மீட்டர் ஏற்றம். டிரெய்லரின் சொந்த எடை 250 கிலோ, லோடு 350 கிலோ, ஆக 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இதை 1,200 மீட்டர் தூக்க 7 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் 36 மெகாஜூல் இருந்தாலும், எஞ்சின் சூட்டிலும் கியர் உராய்விலும் போனது போக, சக்கரத்துக்கு வந்து சேர்வது 10 மெகாஜூல் அளவுதான். அப்படியானால் தூக்குவதற்கு 0.7 லிட்டர், டயர் உருளும் தடைக்கு இன்னொரு கால் லிட்டர். மலை ஏற ஒரு நடைக்கு டிரெய்லரின் நியாயமான பங்கு ஒரு லிட்டர். இரண்டு, மூன்று லிட்டர் கூடுதலாகப் போகிறதென்றால் வண்டியிலோ டிரெய்லரிலோ ஓட்டும் முறையிலோ கோளாறு இருக்கிறது.

மலையில் ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வரும். அதனால் லோடைப் பார்க்கும் முன் டிரெய்லரையே எடை போட்டுப் பாருங்கள். வெல்டிங் பட்டறையில் "கனமா இருந்தா நாள்படும்" என்று 3 மி.மீ. தகட்டில் அடித்துக் கொடுப்பார்கள். 2.4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 40 செ.மீ. உயரப் பக்கங்கள் உள்ள பெட்டிக்கு 6.7 சதுர மீட்டர் தகடு போகும். 3 மி.மீ. தகட்டில் அது 158 கிலோ, 1.6 மி.மீ. தகட்டில் 84 கிலோ. மெல்லிய தகட்டைப் போட்டு அடியில் குறுக்கு ஆங்கிளை நெருக்கிக் கொடுத்தால், மூட்டை, விறகு ஏற்றுவதற்குப் போதும். கல், ஜல்லி ஏற்றுகிறவர்களுக்கு மட்டுமே கனத் தகடு தேவை. இடையிலுள்ள 74 கிலோவில் பலப்படுத்தும் ஆங்கிளுக்குக் கொஞ்சம் போனாலும், மீதி ஒவ்வொரு நடையிலும் சும்மா மலை ஏறிக்கொண்டிருக்கும் எடை. வருடம் 200 நடை போகிற வண்டிக்கு இது 15 முதல் 20 லிட்டர் டீசல்.

மழைக்காலத்தில் இன்னொரு பாரம் கண்ணுக்குத் தெரியாமல் ஏறும். பெட்டியில் வடிகால் ஓட்டை இல்லாமல், ஓர் அங்குலம் தண்ணீர் தேங்கினால் 90 கிலோ. நான்கு மூலையிலும் 20 மி.மீ. ஓட்டை போட்டு, இலைச்சருகு அடைக்காமல் பார்த்துக்கொண்டால் தீர்ந்தது. ஈரம் காயாத விறகையும், மழையில் நனைந்த தொழுவுரத்தையும் ஏற்றுவதும் இதே கதைதான்: டீசல் கொடுத்துத் தண்ணீர் சுமக்கிறோம்.

கியரில் செய்யும் தவறு இதைவிடச் செலவு வைக்கும். "டாப் கியர்ல போனா டீசல் மிச்சம்" என்பது சமவெளிப் பாடம். ஏற்றத்தில் மூன்றாவதிலேயே பிடித்துக்கொண்டு, எஞ்சின் நிமிடத்துக்கு 1,200 சுற்றுக்கு இறங்கித் திணறும்போது, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் டர்போ காற்றைத் தள்ளாது. ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த டீசல் மட்டும் உள்ளே போகும். எரியக் காற்று இருக்காது. பின்னால் வரும் கரும்புகை அந்தப் பாதி எரிந்த டீசல்தான். பெரும்பாலான டர்போ டீசல் எஞ்சின்கள் 1,600 முதல் 2,400 சுற்றுக்குள் நன்றாக இழுக்கும். அதற்குள் நிற்கிற கியர்தான் சிக்கனமான கியர். டர்போ இல்லாத பழைய ஜீப்புகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஏற்காட்டின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 14 சதவீதம் குறைவு. கீழே புகை வராத எஞ்சின் மேல் வளைவுகளில் புகைந்தால், டீசல் பம்ப்பைக் கழற்றும் முன் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள்.

வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றக் கூடாது. நுழையும் முன்பே இரண்டாவதுக்கோ, செங்குத்தான இடத்தில் முதல் கியருக்கோ வந்துவிட வேண்டும். நடு வளைவில் நின்று, பாரத்தோடு ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடித்தால், டீசலும் போகும், கிளட்ச் பிளேட்டும் கருகும். நிற்க நேர்ந்தால் ஹேண்ட் பிரேக் போட்டுக் காலை எடுத்துவிடுங்கள். குறுகலான மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. முன்கூட்டியே ஆரன் கொடுத்து, இறங்கும் வண்டியை நிற்க வைப்பது தவறில்லை.

நான்குவழிச் சாலையில்

இங்கே கணக்கு அப்படியே மாறும். சேலத்திலிருந்து கிருஷ்ணகிரிப் பக்கம் போகும்போது, அதே 600 கிலோ டிரெய்லர் சமமான சாலையில் உருள 100 கி.மீ.க்கு முக்கால் லிட்டர் கூட வேண்டாம். ஆனால் தார்ப்பாய் போர்த்திய லோடு, வண்டிக் கூரைக்கு மேல் 60 செ.மீ. எழும்பி நின்றால், 1.5 மீட்டர் அகலத்துக்கு அது காற்றில் நிற்கும் சுவர். 80 கி.மீ. வேகத்தில் அந்தச் சுவரைத் தள்ள மட்டும் 100 கி.மீ.க்குச் சுமார் இரண்டரை லிட்டர். 60 கி.மீ. வேகத்தில் அது 1.4 லிட்டருக்கு இறங்கும், ஏனென்றால் காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. டிரெய்லர் இல்லாமல் 14 கொடுக்கிற வண்டி, 80-இல் இந்த எழும்பிய லோடோடு 10-க்குக் கீழ் வந்துவிடும். அதே எடையைக் கூரை மட்டத்துக்குள் அடுக்கினால் 12 முதல் 13 வரை நிற்கும். முதலில் சொன்ன, மூட்டையைக் குறைத்தும் ஏறாத மைலேஜுக்கு இதுதான் பதில்.

பஞ்சு மெத்தை, காலிப் பழக்கூடை, பிளாஸ்டிக் கிரேட் ஏற்றுகிறவர்கள் "எடையே இல்லையே" என்று ஆளுயரத்துக்கு அடுக்குகிறார்கள். நெடுஞ்சாலையில் அதிகம் குடிக்கிற லோடு அதுதான். கனமானதை அடியில் பரப்பி, உயரத்தைக் குறைத்து, முன்பக்கத்தைச் சரிவாகக் கட்டுங்கள். தார்ப்பாயை 40 செ.மீ.க்கு ஒரு கயிறாக இழுத்துக் கட்ட வேண்டும். படபடக்கும் தார்ப்பாய் மைலேஜையும் தின்னும், ஒரே மாதத்தில் கிழிந்தும் போகும்.

லோடு எங்கே உட்கார வேண்டும்

கொக்கி மேல் விழும் எடை, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 600 கிலோவுக்கு 60 முதல் 90 கிலோ. உங்கள் வண்டியின் கையேடு இதைவிடக் குறைந்த எல்லை சொன்னால் அதுதான் முடிவு. இழுக்கக்கூடிய மொத்த எடைக்கும் அப்படியே. (டிரெய்லரும் 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரு வாகனம்தான், அதற்கும் பதிவு வேண்டும்.) அளப்பது சுலபம். லோடு ஏற்றிய டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கொக்கி முனையை மாட்டும் உயரத்திலேயே ஒரு மரக்கட்டை மேல் தாங்க விட்டு, கட்டைக்கு அடியில் வீட்டு எடை மெஷினை வையுங்கள்.

பின்பாரம் ஏறினால், சமவெளியில் டிரெய்லர் வாலாட்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டயர் பக்கவாட்டில் தேயும், ஓட்டுகிறவர் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு மறுபடி வேகம் எடுப்பார். மலையில் இது இன்னும் மோசம். ஏற்றத்தில் பாரம் பின்னுக்குச் சாய்ந்து கொக்கியை மேலே தூக்கும்; வண்டியின் பின்சக்கரம் பிடி விட்டு, ஈரச் சாலையில் சும்மா சுற்றும். முன்பாரம் அதிகமானால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி ஸ்டியரிங் லேசாகும், ஹெட்லைட் மரத்தைப் பார்க்கும்.

டயர், அச்சு, பேரிங்

வண்டி டயருக்குக் காற்று பார்க்கிறவர்கள்கூட டிரெய்லர் டயரை மறந்துவிடுகிறார்கள். நாலு நாள் சும்மா நின்ற டிரெய்லரில் காற்று இறங்கியிருக்கும். காலையில், ஓடுவதற்கு முன், லோடுக்கு ஏற்ற அளவு பிடித்துவிட்டுக் கிளம்புங்கள். "மலைக்குப் போனா டயர் உப்பும்" என்று காற்றை இறக்குவது வேண்டாத வேலை. உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் இரண்டு பவுண்டு கூட்டிக் காட்டும்தான். ஆனால் மேலே குளிர் அதிகம் என்பதால் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கியும் விடும்.

காற்று சரியாக இருந்தும் டயர் சீக்கிரம் தேய்ந்தால் அச்சைப் பாருங்கள். டயரின் மேல்புறத்தில் உள்ளங்கையைக் குறுக்காக ஓட்டினால், ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் அரம் போல விரலைக் கீறுவதாகவும் இருக்கும். பள்ளத்தில் வேகமாக இறங்கி அச்சு வளைந்ததன் அடையாளம் அது. இரண்டு டயரின் நடுக்கோட்டிலும் சாக்பீஸில் கோடு இழுத்து, ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) உயரத்தில் முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் டேப்பால் அளங்கள். 60 செ.மீ. விட்டமுள்ள டயர்களில் இந்த இரண்டுக்கும் 20 மி.மீ. வித்தியாசம் வந்தால், ஒவ்வொரு டயரும் ஒரு டிகிரி திரும்பி நிற்கிறது. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. தேய்வதற்கான விலை டயரில் மட்டும் இல்லை, டீசலிலும் போகிறது. கமான் பட்டையின் யூ போல்ட்டுகளையும் அதே கையோடு முறுக்கிவிடுங்கள்; அது தளர்ந்தால் அச்சு நகர்ந்து, டிரெய்லர் நண்டு போலச் சாய்ந்து ஓடும்.

பத்து கிலோமீட்டர் ஓடியதும் பிரேக்கை அதிகம் தொடாமல் நிறுத்தி, இரண்டு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் பேரிங் இறுகியிருக்கிறது அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஹப் நட்டை இறுக்கி, தடை தெரிந்ததும் கால் சுற்றுக்குள் தளர்த்தி, புது ஸ்பிளிட் பின் போடுங்கள்.

இறக்கத்தில் நியூட்ரல்

இந்தத் தவறு உயிரையே வாங்கும். ஆனாலும் "டீசல் மிச்சம்" என்று இன்னும் செய்கிறார்கள். மிச்சமும் இல்லை என்பதுதான் உண்மை. இப்போதைய காமன் ரெயில் (டீசலைக் கணினி அளந்து விடும்) எஞ்சின்களில், கியரில் போட்டபடியே ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜெக்டர் டீசலை முழுக்க நிறுத்திவிடும்; சக்கரமே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் தானாக ஓட மணிக்கு அரை லிட்டருக்கு மேல் எரிக்கும்.

1,500 கிலோ வண்டியும் 600 கிலோ டிரெய்லரும் ஏற்காட்டிலிருந்து கீழே வரும்போது, கரைய வேண்டிய ஆற்றல் சுமார் 25 மெகாஜூல். ஒன்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து முழுவதும் ஆவியாக்கும் சூடு அது. எஞ்சின் உதவி இல்லாமல் அதில் பெரும்பகுதி பிரேக் டிரம்மிலும் லைனிங்கிலும் இறங்கினால் பிரேக் நழுவிவிடும். ஏறிய அதே கியரில் இறங்குங்கள். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் தொப்பூர் கணவாய் இறக்கத்திலும் இதுவே விதி.

எப்படி அளப்பது

மலை ஏறிய பகுதியை மட்டும் பார்த்து மைலேஜ் சொல்லக் கூடாது. போய்த் திரும்பிய முழு நடைக்கும் அளக்க வேண்டும். ஒரே பங்க், ஒரே நாசில், நாசில் முதல் முறை தானாக நின்றதும் நிறுத்துவது. குறைந்தது 200 கி.மீ. ஓட்டி மறுபடி அங்கேயே நிரப்புவது. டிரெய்லரோடு இரண்டு முறை, இல்லாமல் இரண்டு முறை, அதே சாலையில்.

அளந்த பிறகும் மைலேஜை மட்டும் வைத்து டிரெய்லரை ஒதுக்கிவிடாதீர்கள். 50 கிலோ உரமூட்டை 20 மேலே போக வேண்டும், வண்டியில் 13 தான் கொள்ளும் என்றால், மீதி ஏழைத் தனியாக ஒரு நடை கொண்டுபோக மூன்று லிட்டருக்கு மேல் ஆகும். டிரெய்லரில் சேர்த்து இழுத்தால் ஒரு லிட்டர்.

வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். "நாளைக்கு வேணுமே" என்று காலி டிரெய்லரோடு ஐந்து ரோடு சிக்னலில் நின்று நின்று போவது 250 கிலோவை வீணாக இழுப்பது. கழற்றி நிறுத்தும்போது இரண்டு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, கொக்கிப் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தித் தாங்கி மேல் வைத்து, பின்கதவைத் திறந்து விடுங்கள். மழைத் தண்ணீர் தானே வடிந்துவிடும்.