நியூசிலாந்துக்குப் புதிதா? ஷேன் ஜோன்ஸ் பேச்சுக்குப் பயந்து ஏஜெண்டிடம் ஓடாதீர்கள்

வந்து இறங்கியதும் செய்ய வேண்டியதை முதலில் கடகடவென்று சொல்லிவிடுகிறேன். ஐஆர்டி நம்பர், அதாவது வரித்துறை எண், வாங்குங்கள், அது இல்லாமல் சம்பளம் போட்டால் 45% வரியைப் பிடித்துக்கொள்வார்கள். வீட்டு பாண்ட் அதிகபட்சம் நாலு வார வாடகைதான். சென்னை மாதிரி பத்து மாத அட்வான்ஸ் எல்லாம் யாரும் கேட்க முடியாது. அந்தப் பணமும் ஓனர் பையில் இருக்கக்கூடாது, அரசிடம் கட்டியாக வேண்டும். பக்கத்து ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்கில் பெயரைப் பதிந்துவிடுங்கள். மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வந்த சில வாரங்களிலேயே உங்கள் வாட்ஸ்அப்பில் ஒருவருடைய வீடியோ வந்து விழும். வாட்டசாட்டமான உடம்பு, கணீர்க் குரல், நாடகத்து ராஜபார்ட் மாதிரி இழுத்து இழுத்துப் பேசும் ஆங்கிலம், நடுவில் இந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் சொலவடை. ஷேன் ஜோன்ஸ். நியூசிலாந்து ஃபர்ஸ்ட் கட்சியில் தலைவர் வின்ஸ்டன் பீட்டர்ஸுக்கு அடுத்தபடி சத்தம் அதிகம் இவருக்குத்தான். கூடவே உங்கள் சித்தப்பாவோ மாமாவோ “இனிமே நம்மாளுங்களை விடமாட்டானாம்” என்று எழுதியிருப்பார். அந்த வரியை நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

ஆளைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. வடகோடியில் கைத்தாயாவுக்குப் பக்கத்து அவானுயிக்காரர், தே ஔபோரி, ங்காய் தாகோத்தோ குடிகளைச் சேர்ந்தவர். ஹார்வர்டில் படித்தவர். 1992 ஒப்பந்தத்துக்குப் பிறகு மாவோரிகளுக்கு வந்த மீன்பிடிச் சொத்துகளைக் குடிகளுக்குள் எப்படிப் பிரிப்பது என்று வருடக்கணக்கில் அடித்துக்கொண்டார்களே, அந்த மீன்வள ஆணையத்துக்கு 2000 முதல் தலைவராக இருந்தவர். பங்காளிச் சண்டையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது லேசுப்பட்ட வேலை இல்லை. 2004-ல் சட்டம் வந்து அந்தப் பிரிவினை ஒரு வழிக்கு வந்தது.

2005-ல் லேபர் கட்சியில் எம்.பி. ஆனார், அமைச்சரும் ஆனார். 2010-ல், அமைச்சர் கார்டில் ஹோட்டலில் ஆபாசப் படம் பார்த்த கணக்கு வெளியே வந்து மானம் போனது. ஒளிந்துகொள்ளவில்லை, கேமரா முன்னால் நின்று ஒப்புக்கொண்டார். 2013-ல் லேபர் தலைமைக்கு நின்று டேவிட் கன்லிஃபிடம் தோற்றார். அடுத்த வருடம் அரசியலை விட்டு பசிபிக் பொருளாதாரத் தூதர் பதவிக்குப் போய், 2017-ல் பீட்டர்ஸ் கட்சி வழியாகத் திரும்பினார். கையில் மூன்று பில்லியன் டாலர் மாகாண வளர்ச்சி நிதி. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், சோபாவில் சாய்ந்து கிடக்கும் தன் ‘மருமகப் பிள்ளைகளை’, அதாவது வேலையில்லாத மாவோரி இளைஞர்களை, எழுப்பி மரம் நட அனுப்புவேன் என்றார். வந்தேறிகளை மட்டும்தான் திட்டுகிறார் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சொந்த சனத்தையும் விடமாட்டார். மாவோரிகளின் ஒப்பந்த உரிமைப் புகார்களை விசாரிக்கும் வைடாங்கி தீர்ப்பாயத்தையும் வெளுத்து வாங்கியிருக்கிறார். 2020 தேர்தலில் தோற்று கட்சியே நாடாளுமன்றத்தை விட்டு வெளியே போனது. 2023-ல் திரும்பி வந்து வளத்துறை, மீன்வளத்துறை அமைச்சர் ஆனார். சுரங்கத்துக்குக் குறுக்கே தவளை நின்றால் தவளைக்கு குட்பை என்று சபையிலேயே சொன்னவர். பிடிக்கிறதோ இல்லையோ, தூங்க விடமாட்டார்.

ஒரு கூத்து என்னவென்றால், 2017-ல் இவர் போட்டியிட்ட ஃபாங்கரே பக்கம்தான் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி 1836 வாக்கில் ஒரு வெண்கல மணியைப் பார்த்தார். மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். மணியின் விளிம்பில் பழைய தமிழ் எழுத்து, முகைதீன் பக்ஸ் கப்பலுடைய மணி என்று. எப்படி வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இப்போது வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். நியூலாண்ட்ஸ் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு வரும் புது ஆட்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் ஒரு நிமிஷம் முகம் மலரும், எனக்கும் அது போதும்.

சரி, 2019. கல்யாணம் ஆகியும் சேர்ந்து வாழ்ந்த காலம் போதாது என்று நம்மவர்களின் கணவன்மார், மனைவிமார் விசாக்கள் வரிசையாக நிராகரிக்கப்பட்டன. இந்தியர்கள் கொதித்தார்கள். ஜோன்ஸ் என்ன சொன்னார் தெரியுமா? கிராமத்தையே இங்கே கூட்டிவரலாம் என்று எதிர்பார்க்காதீர்கள், பிடிக்காவிட்டால் அடுத்த விமானத்தில் ஊருக்குப் போகலாம் என்றார். எதிர்ப்பை பாலிவுட் நாடகம் என்றும் கிண்டலடித்தார். எனக்கு எரிந்தது, இன்னும் எரிகிறது. ஆனால் அதே வருடம் நவம்பரில், இவர் அமைச்சராக இருந்த அதே அரசு விதியைத் திருத்தியது. பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணம் வெளிநாட்டில் நடந்திருந்தாலும், மூன்று மாத விசிட்டர் விசாவில் வந்து சேர்ந்து வாழத் தொடங்கலாம் என்று வழி வந்தது. அவர் வாய் ஒரு பக்கம் போனது, சட்டம் வேறு பக்கம் போனது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டம் கடை போடும். என் நண்பர் மாட்டியது அங்கேதான்.

அவருக்கு மதுரையில் கல்யாணம். கிடைத்த லீவு தீர்ந்ததும் திரும்பிவிட்டார், மனைவி பின்னால் வருவதாக ஏற்பாடு. நம் வீடுகளில் இதில் யாரும் குறை காண மாட்டார்கள். அந்த நேரத்தில்தான் ஜோன்ஸ் பேச்சு. ஒரு பிறந்தநாள் விழாவில் அறிமுகமான “கன்சல்டன்ட்”, போனில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டி, “பாத்தீங்களா, கதவைச் சாத்திட்டான். நேர்வழியில போனா ரிஜெக்ட்தான், நான் பாத்துக்கிறேன்” என்றிருக்கிறார். பணம் முழுக்க முன்கூட்டியே. ஒரு வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்ததாகப் படிவத்தில் எழுதி, மதுரை முகவரியில் வாடகை ஒப்பந்தம் ஒன்றையும் தயார்செய்து வைத்துவிட்டார். ஆங்கிலப் படிவம், ஐம்பது பக்கம். நண்பர் நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

விளக்கம் கேட்டு வந்த கடிதத்தை நானே படித்தேன். திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. ஒரு வரியில் படிவத்தில் சொன்ன தேதி. அடுத்த வரியில் அவர் பாஸ்போர்ட்டில் சென்னை விமான நிலையத்து முத்திரையின் தேதி. உங்கள் பதில் என்ன, இந்த நாளுக்குள் சொல்லுங்கள். அவ்வளவுதான். புது வழி அவரைப் போன்றவர்களுக்காகவே திறந்த மாதத்தில் அவர் கோப்பில் பொய் ஏறியிருந்தது. விசா போச்சு. வக்கீல் வைத்து உள்ளதை உள்ளபடி எழுதி மறுபடி போடுவதற்குள் 2020 மார்ச், கொரோனாவில் எல்லையை மூடிவிட்டார்கள். அவர் மனைவி வந்து சேர்ந்தது 2022-ல். கன்சல்டன்ட் நம்பர் மாற்றிவிட்டார்.

ஆகவே விசா பற்றி ஆலோசனை சொல்கிற யாரையும் முதலில் லைசென்ஸ் நம்பர் கேளுங்கள். இங்கே லைசென்ஸ் இல்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது குற்றம், வீட்டுக்குள்ளோ நட்பிலோ எப்போதாவது சும்மா சொல்வது வேறு, அதையே வழக்கமாகச் செய்தால் இலவசமானாலும் குற்றம்தான். அரசுப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். ஊரில் இருந்தபடி செய்து தருகிறேன் என்பவருக்கும் இதே சட்டம், மாணவர் விசாவுக்கு மட்டும் விலக்கு. வக்கீல்களுக்கு அந்த லைசென்ஸ் வேண்டாம், சமூகச் சட்ட மையங்களுக்கும் பொதுமக்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் பீரோவுக்கும் வேண்டாம். எம்.பி.க்களுக்கும் அவர்கள் அலுவலக ஊழியர்களுக்கும்கூட வேண்டாம். காசு வாங்காமல் கேஸைப் பார்த்துக் கடிதம் எழுதித் தருகிற எம்.பி. அலுவலகங்கள் உண்டு. வேடிக்கை பாருங்கள், ஜோன்ஸ் அலுவலகத்துக் கதவையே நீங்கள் தட்டலாம்.

படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். லீவு தீர்ந்ததால் திரும்பினேன், பெண் பார்த்தது இப்படி, நிச்சயம் நடந்தது இப்படி என்று ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். கல்யாணப் பத்திரிகை, மண்டப ரசீது, இரண்டு வீட்டுப் பெற்றோரும் நிற்கிற போட்டோ, தினமும் பேசிய பதிவு. மனைவி வந்த பிறகு கரண்ட் பில், வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் இரண்டு பெயரும் ஏறட்டும். ரெசிடென்ஸுக்கு, அதாவது இங்கேயே குடியிருக்கும் உரிமைக்கு, போகும்போது 12 மாதம் சேர்ந்து வாழ்ந்ததைக் காட்ட அதுதான் சாட்சி. நம் வீட்டில் எல்லா பில்லும் அப்பா பெயரில் இருக்கும், அந்தப் பழக்கம் இங்கே உதவாது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. ஓட்டுப் போட இங்கே குடியுரிமை தேவையில்லை. 18 வயதாகி, ரெசிடென்ட் விசா கையில் இருந்து, தொடர்ந்து 12 மாதம் இங்கே வாழ்ந்திருந்தால் உங்களுக்கும் ஓட்டு உண்டு. பெயர் பதிவதே சட்டப்படி கட்டாயம். கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். இரண்டு ஓட்டு, ஒன்று தொகுதி ஆளுக்கு, ஒன்று கட்சிக்கு. தொகுதி ஒன்றும் ஜெயிக்காத கட்சி 5% கட்சி ஓட்டு வாங்கினால் மட்டுமே உள்ளே வரும். ஜோன்ஸ் 2017-ல் ஃபாங்கரேயில் தோற்றும் உள்ளே போனார், 2020-ல் நார்த்லாண்டில் தோற்று வீட்டுக்குப் போனார். இரண்டு முறையும் தீர்மானித்தது அந்தக் கட்சி ஓட்டுதான்.